ரிப்பேர் புத்தகத்துக்கும் குத்தகையா?

உழுபவனுக்கு நிலம் சொந்தமில்லை என்பது பழைய அநியாயம். முழு விலை கொடுத்து வாங்கிய டிராக்டரே வாங்கியவனுக்கு முழுச் சொந்தமில்லை என்பது புதிய அநியாயம். இதை நாம் கட்டிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஜான் டீர் என்ற ராட்சச விவசாய யந்திரக் கம்பெனி, 2015ல் அந்த நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த வாதத்தின் சாரம் இதுதான். டிராக்டரின் இரும்பும் டயரும் உன்னுடையவை. அதை ஓட்டி வைக்கும் கணினி நிரல் எங்களுடையது. டிராக்டர் உயிரோடு இருக்கும் வரை அந்த நிரலைப் பயன்படுத்திக் கொள்ள உனக்கு ஓர் அனுமதி உண்டு, அவ்வளவே!

தஞ்சைத் தரணியின் விவசாயத் தொழிலாளிக்கு இந்தப் பாஷை புதிதல்ல. "கூரை உன்னுடையது, மனைக்கட்டு என்னுடையது" என்று மிராசுதார் சொன்னது இதே பாஷையில்தான். கோபம் வந்தால் கூரையைப் பிரித்துக் கொண்டு போகச் சொல்வார். குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று 1971ல் சட்டம் வருவதற்குள் எத்தனை போராட்டம், எத்தனை தடியடி, எத்தனை சிறைவாசம்! இன்று அதே மனைக்கட்டு நியாயம், யந்திரத்தின் வயிற்றுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

"கார் வைத்திருப்பவன் கவலைப்படட்டும், டிராக்டர் வைத்திருப்பவன் கவலைப்படட்டும், மில் தொழிலாளிக்கும் கூலி விவசாயிக்கும் இதில் என்ன வந்தது?" என்று சில தோழர்கள் கேட்கலாம். அதற்குப் பிறகு வருவோம். முதலில் விஷயத்தைப் புரிந்து கொள்வோம்.

ஒரு மோட்டாரைப் பழுது பார்க்க மூன்று வேண்டும்: கை, கருவி, விவரம். கை தொழிலாளியிடம் இருக்கிறது. கருவியைக் கடையில் வாங்கலாம். மூன்றாவதான விவரம் எங்கே இருக்கிறது? சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, படிப்படியாக இறுக்க வேண்டும். வரிசை தப்பினால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு பலத்துக்கு முறுக்க வேண்டும் என்று யந்திரத்துக்கு யந்திரம் கணக்கு உண்டு. எந்த ஒயர் எந்தப் பெட்டியிலிருந்து எங்கே போகிறது என்று வரைபடம் உண்டு. இத்தனையும் கம்பெனியின் ஒர்க்ஷாப் மானுவலில் இருக்கும்.

முன்னே இந்த விவரத்தைப் பாதி மானுவலிலும் பாதி அனுபவத்திலும் தேடிக் கொண்டார்கள். கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு வாலிப வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு அக்காகக் கழற்றிப் போட்டு, திரும்பப் பூட்டித்தான் யந்திர வித்தையைக் கற்றார். அவர் பிற்காலத்தில் முதலாளியானவர். அவர் புகழ் பாட நாம் வரவில்லை. கழற்றிப் பார்க்கிற சுதந்திரம் அந்தக் காலத்து யந்திரத்தில் இருந்தது என்பதைச் சொல்லவே சொல்கிறோம். நம்முடைய லாரி மேஸ்திரிகள், ஆயில் எஞ்சின் மெக்கானிக்குகள், மில்லின் ஃபிட்டர்கள் எல்லாரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களே.

இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் என்பவர் வந்தார். ஏடன் அப்போது பிரிட்டிஷ் காலனி. அங்கே விமானப் படையில் இருந்தவர், நண்பர் வாங்கிய ஒரு பழைய ஆஸ்டின் ஹீலி காரைச் செப்பனிட உதவினார். கம்பெனியின் மானுவல் சாதாரண மனிதனுக்குப் புரிகிற மாதிரி எழுதப்படவில்லை என்று கண்டார். காரை முழுக்கக் கழற்றி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து, 1966ல் புத்தகமாகப் போட்டார். அதே முறையில் நூற்றுக்கணக்கான கார்களுக்குப் புத்தகங்கள் வந்தன. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கிரீஸ் படிந்த அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தானே பிரேக் மாற்றிய ஆலைத் தொழிலாளிகள் அந்த நாட்டில் ஏராளம். ஹேன்ஸும் வியாபாரிதான். ஆனால் அவர் விற்றது புத்தகம். ஒரு தரம் காசு கொடுத்தால் புத்தகம் உன்னுடையது. நீ படிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்கலாம், காரை விற்கும்போது கூடவே கொடுத்து விடலாம், பாதி விலைக்குப் பழைய புத்தகக் கடையில் போடலாம்.

அந்த ஹேன்ஸ் கம்பெனியே 2020 டிசம்பரில், புதிய கார்களுக்கு ஒர்க்ஷாப் புத்தகம் அச்சிடுவதை நிறுத்துவதாக அறிவித்தது. இனி எல்லாம் இணையத்தில். சந்தா கட்டு, திறந்து பார்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஆல்டேட்டா என்ற கம்பெனி கார்க் கம்பெனிகளின் மானுவல்களைக் கணினியில் தொகுத்து விற்கிறது. 1996லிருந்து அது ஆட்டோசோன் என்ற ராட்சத உதிரிப்பாகக் கடைக் கம்பெனியின் கையில் இருக்கிறது. உதிரிப்பாகத்தை விற்பவனே, அதை எப்படிப் பூட்டுவது என்ற பாடத்துக்கும் உரிமையாளன்! சொந்தமாக ரிப்பேர் செய்து கொள்பவன் தன் ஒரு காருக்கு மட்டும் சந்தா கட்டலாம். கார்க் கம்பெனிகளும் நேரடியாகத் தருகின்றன. ஐரோப்பாவில் 2007ல் வந்த சட்டப்படி மணிக் கணக்கு, நாள் கணக்கு, மாதக் கணக்கு, வருஷக் கணக்கு என்று கட்டணம் வைத்து அவர்கள் ரிப்பேர் விவரத்தைத் திறந்து விட வேண்டும். விவரத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்பது சிறிய மெக்கானிக்குகளுக்குக் கிடைத்த நல்ல வெற்றி. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மணிக் கணக்கில் வாடகை! தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு மணி வாடகை கேள்விப்பட்டிருக்கிறோம். அறிவுக்கு மணி வாடகை இப்போதுதான் கேள்விப்படுகிறோம்.

இதற்கு நம் விவசாயிகளிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: குத்தகை! புத்தகம் வாங்கியவன் பட்டாதாரன். சந்தா கட்டுபவன் குத்தகைதாரன். கெடு தவறினால் வெளியேற்றம். கட்டணத்தை உயர்த்தினால் கேட்க நாதியில்லை. கம்பெனி கைமாறினால், கடையை மூடினால், பத்து வருஷம் கட்டியவனிடமும் மிஞ்சுவது ஒரு காகிதம்கூட இல்லை.

இருந்தாலும் ஒன்று சொல்லி விடுவோம். பழைய காரை டாக்சியாக ஓட்டுகிற தொழிலாளியோ சிறு ஒர்க்ஷாப் வைத்திருப்பவரோ, கட்டத் தெம்பிருந்தால் அந்தச் சந்தாவைக் கட்டட்டும். தவறில்லை. ஊகத்தில் போல்ட்டை முறுக்குவதைவிட, சரியான கணக்கைப் பார்த்து முறுக்குவது நூறு மடங்கு மேல். பிரேக்கும் ஸ்டியரிங்கும் உயிர் விஷயம். அங்கே வீரம் காட்டக்கூடாது. நம் சண்டை சந்தா கட்டுபவனோடு இல்லை, அறிவுக்கு வேலி போட்டவனோடு.

சந்தா கட்டியும் தீராத வேலி

சந்தா கட்டி விட்டோம், மானுவல் திறந்து விட்டது, இனி வேலையை ஆரம்பிக்கலாம் என்றால் அங்கேயும் ஒரு பூட்டு தொங்குகிறது. இன்றைய காரில் எஞ்சினுக்கு ஒரு கணினி, பிரேக்குக்கு ஒரு கணினி, கதவுக்குக்கூட ஒன்று. ஸ்டியரிங் பக்கத்தில் கீழே ஒரு துளை இருக்கும். அதில் கருவியைச் செருகினால், கார் தன் நோவை ஓர் எண்ணாகச் சொல்லும். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் எரிதல் சரியில்லை என்று பொருள். அமெரிக்காவில் 1996லிருந்து எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். இந்தப் பொது எண்களை யாரும் படிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ரகசிய எண்களை வைத்திருக்கிறது. பல கார்களில் பின் சக்கரத்தின் பிரேக் பேட் மாற்றக்கூட, முதலில் கருவியைச் செருகிக் கணினியிடம் உத்தரவு வாங்க வேண்டும். கை பிரேக் மின்சாரத்தில் ஓடுகிறது, அதனால்! பாகத்தை மாற்றிய பிறகும் சில யந்திரங்கள், கம்பெனியின் ஆள் வந்து "இது நம் பாகம்தான்" என்று கணினியில் சொன்னால்தான் ஏற்றுக் கொள்ளும்.

ஜான் டீர் கம்பெனி இந்த வித்தையில் கைதேர்ந்தது. டிராக்டரையும் அறுவடை யந்திரத்தையும் முழுமையாகச் சோதித்துச் சரி செய்யும் மென்பொருளை அது தன் டீலர்களுக்கு மட்டுமே கொடுத்து வந்தது. விவசாயிக்கு விற்றது அங்கங்கே வெட்டப்பட்ட ஒரு பாதி மென்பொருள். விளைந்த பயிர் வயலில் நிற்கிறது; மழை மேகம் திரண்டு வருகிறது; ஒரு சின்ன உணர்கருவி கெட்டதால் லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள யந்திரம் அசையாமல் நிற்கிறது. கோளாறு என்னவென்று விவசாயிக்குத் தெரியும். பாகமும் கையில் இருக்கும். டீலரின் ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும். இந்தக் கொடுமை தாங்காமல் அமெரிக்க விவசாயிகள் உக்ரேனில் பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருளைத் திருட்டுத்தனமாக வாங்கிப் போட்டுக் கொள்கிறார்கள் என்று 2017ல் அந்த நாட்டுப் பத்திரிகைகளே எழுதின. சொந்த டிராக்டருக்கு ரிப்பேர் செய்யக் கள்ளச்சந்தை! சுதந்திர வியாபாரத்தின் சொர்க்கம் என்று மார்தட்டும் நாட்டின் லட்சணம் இது!

அதே உக்ரேனில் 2022ல் நடந்ததையும் கேளுங்கள். மெலிடோபோல் நகரத்தில் ஒரு டீலரிடமிருந்த ஜான் டீர் யந்திரங்களை ரஷ்யப் படையினர் தூக்கிக் கொண்டு போனார்கள். செச்சினியா வரை போய்ச் சேர்ந்த யந்திரங்கள், போன இடத்தில் ஓட மறுத்து விட்டன. தூரத்தில் உட்கார்ந்தபடியே அவற்றைப் பூட்டி விட்டார்கள். திருடனுக்கு நன்றாக வேண்டும் என்று உலகம் சிரித்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். திருடனின் யந்திரத்தைத் தூரத்திலிருந்து நிறுத்த முடிந்தால், தவணை பாக்கி வைத்தவனின் யந்திரத்தையும் நிறுத்த முடியும். ஒரு நாட்டோடு சண்டை வந்தால், அந்த நாட்டு வயல் முழுவதையும் நிறுத்தவும் வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இந்தக் கம்பெனிக்குச் சொந்தத் தொழிலாளியிடமாவது ஈரம் உண்டா? 2021 அக்டோபர் 14 அன்று அதன் தொழிற்சாலைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஐந்து வாரம் உறுதியாக நின்று, உடனடியாக 10 சதவீத ஊதிய உயர்வு வாங்கித்தான் உள்ளே போனார்கள். 2023 நிதியாண்டில் கம்பெனியின் நிகர லாபம் 1,000 கோடி டாலரைத் தாண்டியது. அடுத்த வருஷமே நூற்றுக்கணக்கான தொழிலாளிகளை வெளியே அனுப்பி, சில யந்திரங்களின் உற்பத்தியை மெக்சிகோவுக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. டிராக்டரைச் செய்கிறவனையும் வதைக்கிறது, வாங்குகிறவனையும் வதைக்கிறது. இருவர் பையிலும் கை விடுவது ஒரே கை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ல், கார் ரிப்பேர் விவரத்தை எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று மக்கள் மிகப் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். கம்பெனிகள் அதற்குப் பிறகு விவரத்தைக் கம்பியில்லாமல் நேராகத் தங்கள் கணினிக்கே அனுப்பத் தொடங்கின. உடனே 2020ல் மறுபடியும் வாக்கெடுப்பு. நான்கில் மூன்று பேர் ஆதரவு! கம்பெனிகள் அப்போது செய்த பிரசாரம் என்ன தெரியுமா? ரிப்பேர் விவரத்தைத் திறந்தால் அயோக்கியர்கள் பெண்களின் காரைப் பின்தொடர்ந்து வருவார்கள் என்று விளம்பரம் போட்டார்கள். தோற்றவுடன் கோர்ட்டுக்கு ஓடினார்கள். கொலராடோ மாநிலம் விவசாய யந்திரங்களுக்கே ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்டது. 2024 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷனே இரண்டு மாநிலங்களோடு சேர்ந்து ஜான் டீர் மீது ஏகபோக வழக்குப் போட்டது. முதலாளித்துவ சர்க்கார் முதலாளி மீது வழக்குப் போடுகிறதே என்று மயங்கி விட வேண்டாம். விவசாயிகளும் சிறு மெக்கானிக்குகளும் பத்து வருஷத்துக்கு மேல் விடாமல் குரல் கொடுத்ததால் வந்த வழக்கு அது.

முதலாளிகளின் மூன்று சாக்கு

பாதுகாப்பு, புகை, பதிப்புரிமை. இந்த மூன்று சாக்கைத் தவிர நாலாவது சாக்கு அவர்களிடம் இல்லை.

தெரியாதவன் பிரேக்கைத் தொட்டால் விபத்து வரும் என்கிறார்கள். சரி, அப்படியானால் தெரிய வையுங்கள்! தெரியாதவனைத் தெரியாதவனாகவே வைத்திருப்பவன், தெரியாமையைக் காட்டிப் பயமுறுத்துகிறான். பிரேக்குக்கான விவரத்தை மறைத்தால் பிரேக் மாற்றுவது நின்றா விடும்? மாற்றத்தான் போகிறார்கள், தப்பாக மாற்றுவார்கள். மானுவலைத் திறந்தால் பாதுகாப்பு கூடுமா, குறையுமா?

மென்பொருளைத் திறந்தால் புகைக் கட்டுப்பாட்டை அவிழ்த்து விடுவார்கள் என்கிறார்கள். 2015ல் அகப்பட்டது யார்? சோதனையின் போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மோசடி மென்பொருளைப் போட்ட ஃபோக்ஸ்வாகன் கம்பெனி! சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில்! அதைப் போட்டது தெருக்கோடி மெக்கானிக்கா?

பதிப்புரிமை என்கிறார்கள். கதை எழுதியவன் உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது கதையா, கவிதையா? அந்தக் கணக்கைக் கண்டுபிடித்த எஞ்சினீயருக்கும் அந்த போல்ட்டைச் செய்த தொழிலாளிக்கும் சந்தாவில் ஒரு தம்பிடி போகிறதா?

நம் நாட்டில்

இதெல்லாம் அமெரிக்கா சமாசாரம் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கட்டும். 2011ல் ஒரு கார் உரிமையாளர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். உதிரிப்பாகமும் சோதனைக் கருவியும் மானுவலும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் கார்க் கம்பெனிகள் தடுக்கின்றன என்பது புகார். விசாரணை விரிந்தது. 2014 ஆகஸ்டில் ஆணையம் தீர்ப்புச் சொன்னது: 14 கம்பெனிகள் குற்றவாளிகள், அபராதம் மொத்தம் 2,544 கோடி ரூபாய். அந்தப் பட்டியலில் அன்னியக் கம்பெனி மட்டும் இல்லை. மாருதி உண்டு, டாடா உண்டு, மகிந்திரா உண்டு. சில பாகங்களுக்கு வாங்கிய விலைக்கு மேல் 5,000 சதவீதம் வரை ஏற்றி விற்றதும் அம்பலமாயிற்று. நூறு ரூபாய்ச் சாமான் ஐயாயிரத்து நூறு! கந்துவட்டிக்காரன்கூட வெட்கப்படுவான். அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய்க்குத் தனியாக 420 கோடி அபராதம்.

பிறகு என்ன நடந்தது? கம்பெனிகள் கோர்ட்டுப் படி ஏறின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டு ஆயம் மூன்று கம்பெனிகளின் விஷயத்தில் குற்றம் குற்றமே என்று உறுதி செய்தது. ஆனால் அபராதத்தை வெட்டிச் சுருக்கியது. பசிக்கு ஒரு படி நெல் எடுத்தவனுக்கு இப்படித் தண்டனையைச் சுருக்கியதுண்டா? 2022ல் மத்திய சர்க்கார் ரிப்பேர் உரிமைக்கு ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாமான்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகளைச் சொன்னது. அந்த வருஷக் கடைசியில் ஓர் இணையதளம் திறந்தது. இஷ்டப்பட்ட கம்பெனிகள் இஷ்டப்பட்ட விவரத்தை அதில் போடலாம். இஷ்டமில்லாதவனைக் கேட்பார் யார்? நரியிடம் "இஷ்டமிருந்தால் கோழிக்கூண்டைப் பூட்டு" என்று சொன்ன கதைதான்.

இப்போது முதலில் விட்ட கேள்விக்கு வருவோம். யந்திரம் வந்து நம் அறுவடை வேலையைப் பிடுங்கிக் கொண்டது. அது ஓடாமல் நின்றால் நமக்கென்ன என்று விவசாயத் தொழிலாளி கேட்பதில் வயிற்றெரிச்சலின் நியாயம் இருக்கிறது. ஆனால் யந்திரம் நின்றால் வேலை திரும்பி வருவதில்லை. வாடகைதான் ஏறுகிறது. ஏறிய வாடகையைக் கொடுக்கும் குத்தகை விவசாயி, களை எடுக்கும் பெண்களின் கூலியில்தான் அதைப் பிடிக்கப் பார்க்கிறான். கம்பெனியின் பூட்டுக்குக் கடைசியில் காசு கட்டுவது சேற்றில் நிற்கும் நம் சகோதரி.

மில் தொழிலாளிக்கு இன்னும் நேரடியான சம்பந்தம். சத்தத்தைக் கேட்டே நோவைச் சொல்லும் பழைய ஃபிட்டர் ஒருவரை ஒரே நாளில் வெளியே அனுப்ப மானேஜ்மெண்டு பயந்தது. ஏன்? யந்திரத்தின் ரகசியம் அவர் தலையில் இருந்தது. யூனியனின் பலத்தில் ஒரு பங்கு அது. அந்த ரகசியத்தைக் கணினிப் பெட்டிக்குள் வைத்து, சாவியைக் கம்பெனிக்காரனிடம் கொடுத்து விட்டால், ஃபிட்டர் வெறும் திருப்புளி பிடிக்கிற கை. காண்டிராக்டில் யாரையும் நிறுத்தலாம். கார் ரிப்பேர் விவரத்துக்குப் பூட்டுப் போடுவதும் ஃபிட்டரின் தலைக்குப் பூட்டுப் போடுவதும் ஒரே காரியம்.

ஆகவே இதைச் சிறு உடைமையாளர் பிரச்னை என்று ஒதுக்கக் கூடாது. வேளாண்மைப் பொறியியல் துறை மக்கள் வரிப்பணத்தில் டிராக்டரும் அறுவடை யந்திரமும் வாங்கி வாடகைக்கு விடுகிறது. இனி வாங்கும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் முழு மானுவலும் சோதனைக் கருவியும் பூட்டில்லாமல் கூடவே வர வேண்டும், தமிழில் வர வேண்டும் என்று டெண்டரில் எழுதச் சொல்லி விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து கேட்கலாம். ஐ.டி.ஐ.க்களில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அதே மானுவலை வைத்துப் பாடம் நடத்தச் சொல்லலாம். அமெரிக்காவில் பல ஊர்ப் பொது நூலகங்களே சில்டன் என்ற கார் ரிப்பேர் மானுவலுக்கு மொத்தமாகச் சந்தா கட்டி விடுகின்றன. நூலக அட்டை வைத்திருக்கும் எவனும் காசில்லாமல் படிக்கிறான். முதலாளித்துவ நாட்டில் அது முடிகிறது. இந்தியாவிலேயே முன்மாதிரியாகப் பொது நூலகச் சட்டத்தை 1948ல் போட்ட மாகாணம் நம்முடையது. வீட்டுவரி ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரியும் கட்டி வருகிறோம். ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் கார், டிராக்டர், பம்ப் செட் மானுவல்களுக்கு ஒரு கணினியும் சந்தாவும் வேண்டும் என்று நம் கிளைகள் மனு எழுதி, அந்தந்த வட்டாரத்து மெக்கானிக்குகளிடம் கையெழுத்து வாங்கும் வேலையை இந்த மாதமே தொடங்கலாம்.